சீரியலுக்கு சென்சார் கிடையாது: பிள்ளைங்க இருக்குற வீட்டுல டிவிய எப்படி கட்டுக்குள்ள கொண்டு வர்றது

போன முழுப்பரீட்சை லீவுல ஒரு நாள் சாயங்காலம், எங்க பாப்பா அப்பதான் ரெண்டாப்பு முடிச்சிருந்தா, அடுப்படிக்கு வந்து நின்னுக்கிட்டு "அம்மா, ஜூஸ்ல விஷம் கலந்தா கலர் மாறுமா மாறாதா"ன்னு கேட்டா. கரண்டிய அப்படியே வச்சுட்டு யாருடி சொன்னதுன்னு கேட்டா, "அப்பத்தா பாக்குற சீரியல்ல அந்த ஆன்ட்டி கலந்தாங்கல்ல, மாறவே இல்ல, அதான் கேட்டேன்"னு ரொம்ப நிதானமா சொல்லிட்டு பிஸ்கட் டப்பாவ எடுத்துட்டு போயிட்டா. எனக்குதான் அன்னைக்கு தூக்கம் வரல. எங்க அத்தைகிட்ட சொன்னா "அது நாடகம்னு அவளுக்குத் தெரியாதாக்கும்"னு சிரிக்கிறாங்க, அவங்கள குத்தம் சொல்லி என்ன பண்ண, 70 வயசுல அவங்களுக்கு இருக்குற ஒரே பொழுதுபோக்கு அது.

அதுக்கப்புறம் ஒரு மாசம் உக்காந்து இந்த சர்டிபிகேட், சட்டம், புகார் எல்லாத்தையும் நோண்டிப் பாத்தேன். தெரிஞ்சத எழுதுறேன், யாருக்காவது உதவும்.

மொதல்ல ஒரு தப்பு நம்பிக்கைய ஒடைக்கணும். டிவில வர்ற எல்லாத்தையும் சென்சார் போர்டு பாத்துட்டுதான் விடுறாங்கன்னு நானும் நெனச்சிட்டு இருந்தேன், கெடையாது. சென்சார் போர்டு பாக்குறது சினிமா, சினிமா பாட்டு, ட்ரெய்லர், ப்ரோமோ, மியூசிக் வீடியோ இதுங்கள மட்டும்தான். சீரியல், ரியாலிட்டி ஷோ, நியூஸ், க்ரைம் நிகழ்ச்சி இதெல்லாம் யாரும் முன்னாடியே பாத்து முத்திரை குத்தி அனுப்புறது இல்ல, ஒளிபரப்பானதுக்கு அப்புறம் யாராவது புகார் குடுத்தாதான் பஞ்சாயத்தே ஆரம்பிக்கும். அதாவது ரெண்டரை மணி நேர படத்துக்கு ஒரு கமிட்டியே உக்காந்து பாக்குது, தெனம் அரை மணி நேரம் வருஷக்கணக்கா ஓடுற சீரியலுக்கு ஒரு எழுத்து கூட இல்ல. பிள்ளைங்க எத அதிகமா பாக்குதுன்னு நீங்களே சொல்லுங்க.

சரி, அந்த எழுத்துக்கு என்ன அர்த்தம்னு பாத்துருவோம்

ரொம்ப காலமா யு, யுஏ, ஏ, எஸ்னு நாலு இருந்துச்சு. யுன்னா எல்லாரும் பாக்கலாம், 'ஏ'ன்னா 18 வயசுக்கு மேல உள்ளவங்க மட்டும், எஸ் டாக்டர் மாதிரி ஒரு குறிப்பிட்ட தொழில்காரங்களுக்கு, அத நீங்க கண்ணுல பாக்கவே மாட்டீங்க. இந்த யுஏலதான் எல்லாரும் ஏமாறுறது. யுஏன்னா "12 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைய காட்டலாமா வேணாமான்னு பெத்தவங்க முடிவு பண்ணிக்கோங்க"ன்னு அர்த்தம், நம்ம ஊர்ல அத குடும்பப் படம்னு எடுத்துக்கிட்டு கைக்குழந்தையோட தியேட்டர்ல போய் உக்காந்துருவோம். 2023ல சினிமா சட்டத்த திருத்தி இந்த யுஏவ மூணா பிரிச்சிட்டாங்க, யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+. இது நெஜமாவே நல்ல மாத்தம். எட்டு வயசுப் பிள்ளைக்கும் பதினஞ்சு வயசுப் பையனுக்கும் ஒரே எழுத்து போட்டா என்ன பிரயோஜனம். புதுப் படம்னா இப்ப நம்பர பாருங்க, பழைய படத்துல வெறும் யுஏன்னு இருந்தா அது ஏழா பதினாறான்னு தெரியாது, நீங்க ஒரு தடவ பாத்துட்டுதான் காட்டணும்.

பழைய தமிழ்ப் படங்கள்ல யு இருந்தா கூட கண்ண மூடிட்டு நம்பாதீங்க, அதுக்கு ஒரு காரணம் இருக்கு. தமிழ்ல பேர் வச்சா கேளிக்கை வரி இல்லன்னு 2006ல கொண்டு வந்தாங்க, 2011ல ஆட்சி மாறினதும் பேரு மட்டும் பத்தாது, யு சர்டிபிகேட்டும் இருக்கணும்னு சேத்தாங்க. அவ்வளவுதான், தயாரிப்பாளருங்க எல்லாம் எப்படியாவது யு வாங்கணும்னு அங்க ஒரு வெட்டு இங்க ஒரு ம்யூட்டுன்னு மல்லுக்கட்ட ஆரம்பிச்சாங்க. 2017 ஜூலைல ஜிஎஸ்டி வந்ததுக்கப்புறம்தான் அந்தச் சலுகை போச்சு. பிள்ளைங்கள காப்பாத்தத்தான் அந்த எழுத்து, அதுல காச கட்டி விட்டா எழுத்து பிள்ளையப் பாக்காது கல்லாவப் பாக்கும். அந்த காலத்து யு படங்கள்ல கெட்ட வார்த்தை வர்ற எடத்துல சத்தம் மட்டும் கட் ஆகியிருக்கும், வெட்டுக்குத்து அப்படியே ஓடும்.

டிவில ஏ படம் போடவே கூடாது. மும்பைல பிரதிபா நைத்தானின்னு ஒரு காலேஜ் டீச்சர் பாம்பே ஹைகோர்ட்ல பொதுநல வழக்கு போட்டாங்க, சேனல்கள்ல ஏ படம் ஓடுது பிள்ளைங்க பாக்குதுன்னு. 2005ல கோர்ட் தடை போட்டுச்சு. 2006ல கேபிள் டிவி விதியவும் திருத்தி சினிமான்னா எல்லாரும் பாக்கத் தகுந்ததுன்னு சர்டிபிகேட் வாங்கினது மட்டும்தான் வரணும்னு ஆக்கினாங்க. ஒத்த டீச்சர் போட்ட கேஸு. அதனாலதான் தியேட்டர்ல ஏ வாங்கின படம் டிவிக்கு வரும்போது வெட்டி திரும்ப யுஏ வாங்கிட்டு வருது. அதுலயும் ஒரு சிக்கல், டிவில வந்த வெட்டின படத்த பாத்துட்டு பசங்க ஓடிடில முழுசா தேடுவாங்க, அங்க வெட்டாம இருக்கும்.

வீட்டுல செய்ய வேண்டியது

செட்டாப் பாக்ஸ்ல இருந்து ஆரம்பிங்க. அரசு கேபிள், தனியார் கேபிள், டிடிஎச் எதுவா இருந்தாலும் பெரும்பாலும் மெனுக்குள்ள பேரண்டல் கன்ட்ரோல் இல்லன்னா சேனல் லாக்குன்னு ஒண்ணு இருக்கும், உள்ள போக நாலு நம்பர் பின் கேக்கும், 0000 இல்லன்னா 1234 போட்டுப் பாருங்க, அனேகமா தொறந்துரும். தொறக்கலன்னா கேபிள் அண்ணனுக்கு போன் போடுங்க, எங்க அண்ணன் வந்து ரெண்டு நிமிஷத்துல பண்ணிக் குடுத்துட்டு "பதினஞ்சு வருஷமா லைன் இழுக்குறேன், இத கேட்ட மொத ஆளு நீங்கதான்க்கா"ன்னாரு. தொறந்த ஒடனே மொத வேலை பின்ன மாத்துறது. நான் எங்க வண்டி நம்பர வச்சேன், மூணாவது நாள் பாப்பா லாக்க எடுத்துட்டு உக்காந்து பாத்துட்டு இருக்கா, கேட்டா "நீ அமுக்கும்போது பாத்தேன், நம்ம ஸ்கூட்டி நம்பர் தானே"ன்றா. அதனால பிறந்த நாள், வண்டி நம்பர், போன் நம்பர் கடைசி நாலு இதெல்லாம் வேணாம்.

எத பூட்டுறது? நான் பூட்டினது ராத்திரி பகல்னு க்ரைம் ஓட்டுற சேனல், 24 மணி நேர நியூஸ் சேனல், அப்புறம் தெரியாத மொழில என்ன வருதுன்னே தெரியாத சேனலுங்க. சீரியல் சேனல பூட்டல. பூட்டினா வீட்டுல சண்டை வரும், அது தேவையில்ல. அதுக்குப் பதிலா அத்தைகிட்ட ஒரு ஒப்பந்தம், ஆறரைலருந்து எட்டு வரைக்கும் பாப்பா எங்கூட உள் ரூம்ல படிப்பு, நீங்க நிம்மதியா பாருங்க, எட்டு மணிக்கு மேல டிவி அவளுக்கு அரை மணி நேரம். முக்காவாசி நாள் நடக்குது. கால்வாசி நாள் அவ கதவிடுக்குல நிக்கிறா.

நியூஸ ஏன் பூட்டினேன்னு கேப்பீங்க. ஆக்சிடென்ட் ஆன சிசிடிவி காட்சிய வட்டம் போட்டு சிவப்பு அம்புக்குறி போட்டு நாப்பது தடவ ஓட்டுறாங்க, சீரியல்ல சாகுறவங்க பொய்யின்னாவது சொல்லலாம், இது நெஜம்னு பிள்ளைக்கும் தெரியுது. ஸ்கூல் வேன் கவுந்த காட்சி ஒண்ண பாத்துட்டு எங்க நாத்தனார் பையன் ஒரு வாரம் வேன்ல ஏற மாட்டேன்னு அழுதான்.

ஸ்மார்ட் டிவி இருந்தா பெரிய ஓட்டை யூடியூப்தான். ஓடிடிக்கு வயசு வகை போடணும்னு சட்டம் இருக்கு, யூடியூப்ல யார் வேணா எத வேணா ஏத்தலாம், அந்த வகையெல்லாம் அதுக்கு கெடையாது. 2017ல உலகம் பூரா இது ஒரு பிரச்சனையா வெடிச்சிச்சு, பிள்ளைங்களுக்குத் தெரிஞ்ச கார்ட்டூன் உருவத்த வச்சுக்கிட்டே ரத்தம், ஊசி, கடத்தல்னு வீடியோ பண்ணி விட்டிருந்தாங்க, ஓரத்துல இருந்து பாத்தா சாதா கார்ட்டூன் மாதிரிதான் இருக்கும். அதனால டிவி யூடியூப்ல பிள்ளைக்கு யூடியூப் கிட்ஸ் ப்ரொஃபைல் போடுங்க, அதுல நாலு வயசு வரைக்கும், அஞ்சுலருந்து எட்டு, ஒம்போதுலருந்து பன்னெண்டுன்னு மூணு பிரிவு இருக்கு. அதுக்கும் மேல நீங்க ஓகே சொன்ன வீடியோ மட்டும் வர்ற மாதிரியும் வைக்கலாம். சின்னப் பிள்ளைன்னா அதத்தான் வைங்க, உக்காந்து பொறுக்கிப் போட ஒரு ஞாயித்துக்கெழமை மதியம் ஆகும், பரவால்ல. ஆட்டோப்ளேய மறக்காம ஆஃப் பண்ணுங்க.

ஓடிடிய பொறுத்தவரைக்கும் 2021 பிப்ரவரில வந்த ஐடி (தகவல் தொழில்நுட்ப) விதிப்படி ஒவ்வொரு படத்துக்கும் சீரிஸுக்கும் யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, 'ஏ'ன்னு போட்டே ஆகணும், கூடவே வன்முறை, கெட்ட வார்த்தை, போதைன்னு எதுக்காக அந்த வகைன்னும் சொல்லணும். 13+லருந்து மேல உள்ளதுக்கு பேரண்டல் லாக் வசதி குடுக்கணும், ஏவுக்கு வயச சரிபாக்க ஏற்பாடு இருக்கணும். அந்த வயசு சரிபாக்குறது பல எடத்துல ஒரு பட்டன அமுக்குறதோட சரி, அத நம்பாதீங்க. பிள்ளைக்கு தனி ப்ரொஃபைல் போட்டு அதுக்கு வயசு வரம்பு வச்சு, பெரியவங்க ப்ரொஃபைலுக்கு பின் போடுங்க, இந்த ரெண்டாவது விஷயத்ததான் எல்லாரும் விட்டுர்றாங்க. கிட்ஸ் ப்ரொஃபைல் இருக்குன்னு நாம நிம்மதியா இருப்போம், பையன் ஒரு தட்டுல அப்பா ப்ரொஃபைலுக்கு போயிருவான்.

புகார் எழுதுறது எப்படி

இதத்தான் நம்ம ஆளுங்க செய்யவே மாட்டாங்க, வாட்சப் குரூப்ல திட்டுறதோட முடிஞ்சிரும். சட்டம் நம்ம பக்கம் தெளிவாவே இருக்கு. 1994 கேபிள் டிவி விதிகள்ல 6வது விதி நிகழ்ச்சி விதின்னு பேரு, அதுல பிள்ளைங்களுக்கு ஆகாத நிகழ்ச்சிய பிள்ளைங்க அதிகமா பாக்குற நேரத்துல போடக் கூடாதுன்னு நேராவே இருக்கு, பிள்ளைங்களுக்கான நிகழ்ச்சில கெட்ட வார்த்தையும் அப்பட்டமான வன்முறையும் கூடாதுன்னும் இருக்கு. வெளம்பரத்துக்கு 7வது விதி தனியா இருக்கு. சிப்ஸ், கலர் சோடா மாதிரி ஐட்டத்த பிள்ளைங்க சேனல்லயோ பிள்ளைங்க நிகழ்ச்சி நடுவுலயோ வெளம்பரம் பண்ணக் கூடாதுன்னு 2022ல நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வேற வழிகாட்டுதல் போட்டிருக்கு. ரியாலிட்டி ஷோல சின்னப் பிள்ளைங்கள பெரியவங்க மாதிரி ஆட வைக்கிறதுக்கு எதிரா 2019 ஜூன்ல தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் சேனல்களுக்கு அறிவுரை அனுப்பியிருக்கு. இதுல எது பொருந்துதோ அத புகார்ல எழுதணும், "சமுதாயம் சீரழியுது"ன்னு எழுதினா ஒருத்தனும் படிக்க மாட்டான்.

2021 ஜூன்லருந்து மூணு படி இருக்கு. மொதல்ல சேனலுக்கே எழுதணும், ஒவ்வொரு சேனலுக்கும் குறைதீர்க்குற அதிகாரி ஒருத்தர் இருக்கணும், மெயில் அட்ரஸ் சேனல் வெப்சைட்ல அடியில எங்கயாச்சும் பொடி எழுத்துல கெடக்கும். 24 மணி நேரத்துல கெடச்சதுன்னு சொல்லணும், 15 நாள்ல பதில் சொல்லணும். சொல்லல, இல்ல சொன்னது திருப்தி இல்லன்னா அடுத்த 15 நாளுக்குள்ள அந்த சேனல் உறுப்பினரா இருக்குற அமைப்புக்கு போகணும், பொழுதுபோக்கு சேனல்கள் பலதுக்கும் பிசிசிசின்னு (பிராட்காஸ்டிங் கன்டென்ட் கம்ப்ளைன்ட்ஸ் கவுன்சில்) ஒண்ணு, 2011ல ஆரம்பிச்சது, ஓய்வு பெற்ற நீதிபதி ஒருத்தர் தலைமைல நடக்குது. நியூஸுக்கு என்பிடிஎஸ்ஏன்னு (நியூஸ் பிராட்காஸ்டிங் அண்ட் டிஜிட்டல் ஸ்டாண்டர்ட்ஸ் அத்தாரிட்டி) வேற அமைப்பு. அவங்களுக்கு 60 நாள் டைம். அதுலயும் ஆகலன்னா மத்திய அரசு. டிவில அப்பப்போ கீழ ஒரு வரி இங்கிலீஷ்ல ஓடும் பாருங்க, புகாருக்கு இங்க எழுதுங்கன்னு, அத போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, பாதி வேலை முடிஞ்சிச்சு.

ஓடிடின்னாலும் இதே மாதிரிதான், மொதல்ல அவங்க அதிகாரி, அப்புறம் அமைப்பு, அப்புறம் அரசு.

என் மொத மெயில் குப்பைக்குதான் போச்சு, பதிலே இல்ல. திரும்ப படிச்சுப் பாத்தா எனக்கே வெக்கமா இருந்துச்சு, ரெண்டு பக்கம் கோவம், தேதி கூட இல்ல. அத வேற நான் சீரியலுக்கு எழுதல, ஞாயித்துக்கெழமை மதியம் குடும்பப் படம் ஓடும்போது நடுவுல ராத்திரி க்ரைம் நிகழ்ச்சியோட ப்ரோமோ வந்துச்சு, ஒரு பொண்ண கழுத்த நெரிக்கிற காட்சியோட, அதுக்குதான். ரெண்டாவது தடவ இப்படி எழுதினேன், நீங்களும் இத வச்சு மாத்திக்கலாம்:

"ஐயா/அம்மா, உங்கள் சேனலில் இந்தத் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மதியம் 2.40 மணியளவில், யு சான்றிதழ் பெற்ற படத்தின் இடைவேளையில் உங்கள் இரவு நிகழ்ச்சியின் முன்னோட்டம் ஒளிபரப்பானது. அதில் ஒரு பெண்ணின் கழுத்தை நெரிக்கும் காட்சி சுமார் 5 விநாடி காட்டப்பட்டது. அதே முன்னோட்டம் 3.15க்கும் வந்தது. என் 7 வயது மகள் உடன் இருந்தாள். கேபிள் டிவி விதிகள் 1994, விதி 6ன்படி சிறுவர்கள் அதிகம் பார்க்கும் நேரத்தில் இது கூடாது. இந்த முன்னோட்டத்தைப் பகலில் நிறுத்தும்படி கேட்கிறேன். 15 நாளுக்குள் பதில் தேவை."

அவ்வளவுதான். தேதி, மணி, என்ன காட்டினாங்க, எந்த விதி, என்ன செய்யணும். பேரு அட்ரஸோட அனுப்புங்க, மொட்டக் கடுதாசிக்கு மதிப்பு இல்ல. லேட் பண்ணாதீங்க, சேனல்காரங்க ஒளிபரப்பினத 90 நாள்தான் பதிவு வச்சிருக்கணும்னு விதி, அதுக்கப்புறம் போனா ஆதாரமே இருக்காது. முடிஞ்சா டிவி ஸ்க்ரீன போன்ல எடுத்து வைங்க, மணி தெரியுற மாதிரி. இதுக்கு ஒன்பதாவது நாள் "தங்கள் கருத்து கவனத்தில் கொள்ளப்பட்டது"ன்னு ஒத்த வரி பதில் வந்துச்சு. ரெண்டு வாரம் கழிச்சு பாத்தா மதியத்துல அந்த ப்ரோமோ வரல. என் மெயிலாலயா, அந்த நிகழ்ச்சியே முடிஞ்சிருச்சான்னு கேக்காதீங்க.

கலெக்டர் ஆபீஸ்

இது நெறய பேருக்கு தெரியாது. கேபிள்ல வர்றத கவனிக்க ஒவ்வொரு மாவட்டத்துலயும் ஒரு கண்காணிப்புக் குழு இருக்கணும்னு மத்திய அரசு 2005லயே உத்தரவு போட்டிருக்கு. கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ தலைமை, எஸ்பி, மாவட்ட மக்கள் தொடர்பு அதிகாரி, ஒரு மகளிர் காலேஜ் பிரின்சிபால், குழந்தைங்களுக்காக வேலை செய்யுற ஒரு தொண்டு நிறுவனத்து ஆளு இவங்கல்லாம் உறுப்பினர். லோக்கல் சேனல்னு ஊருக்கு ரெண்டு ஓடுதே, கேபிள் ஆபரேட்டரே நடத்துறது, புதுப் படத்த திருட்டுத்தனமா போடுறது, ராத்திரியானா வேற மாதிரி படம் போடுறது, அதுக்கெல்லாம் டெல்லிக்கு எழுதிட்டு இருக்க வேணாம், இங்கயே குடுக்கலாம். திங்கக்கெழமை குறைதீர்க்கும் நாள்ல மனு எழுதிக் குடுத்துட்டு ரசீது வாங்கிக்கோங்க. தனியா போறத விட ஸ்கூல் பெற்றோர் ஆசிரியர் கழகம் பேர்ல, இருவது கையெழுத்தோட போனா கவனிப்பு வேற மாதிரி இருக்கும்.

பெரிய அளவுல என்ன கேக்குறது

என் கருத்து ஒண்ணு சொல்லிர்றேன். நான் கத்தரிக்கோல் கேக்கல, லேபிள் கேக்குறேன். சீரியல்ல விஷம் வைக்கக் கூடாதுன்னு அரசாங்கம் சொல்ல ஆரம்பிச்சா நாளைக்கு வேற எத எல்லாம் சொல்லக் கூடாதுன்னு சொல்லுவாங்கன்னு எனக்கு பயம் இருக்கு. பெரியவங்க எத வேணா பாக்கட்டும், இது எந்த வயசுக்குன்னு ஸ்க்ரீன் ஓரத்துல ஒரு நம்பர் போட்டா போதும். அமெரிக்கால 1996ல சட்டம் போட்டு, 1997லருந்து டிவி நிகழ்ச்சிக்கே வயசு வகை ஸ்க்ரீன்ல வருது, 2000லருந்து 13 இன்ச்சும் அதுக்கு மேலயும் விக்கிற எல்லா டிவிலயும் அந்த வகைய வச்சு பூட்டுற சிப் இருக்கு. பிரிட்டன்ல ராத்திரி 9 மணிக்கு முன்னாடி பெரியவங்க சமாச்சாரம் போட முடியாது. நம்ம நாட்டுல சேனல்காரங்களே 2011ல ஒரு ஒழுங்கு வச்சுக்கிட்டாங்க, பெரியவங்களுக்கான நிகழ்ச்சி ராத்திரி 11லருந்து காலைல 5 வரைக்கும்னு. ஆனா எது பெரியவங்களுக்கானதுன்னு முடிவு பண்றதும் அவங்களேதான், அதனால விஷ ஜூஸ் ஏழு மணிக்கு வருது.

2023 நவம்பர்ல ஒளிபரப்பு சேவைகள் மசோதான்னு ஒரு வரைவ மத்திய அரசு வெளியிட்டு மக்கள்கிட்ட கருத்து கேட்டுச்சு, டிவி நிகழ்ச்சிக்கும் வயசு வகை போடுறது அதுல இருந்துச்சு, கூடவே பேச்சு சுதந்திரத்துக்கு ஆபத்துன்னு பெரிய எதிர்ப்பு கெளப்பின வேற பல விஷயங்களும் இருந்துச்சு. 2024 ஆகஸ்ட்ல திரும்ப புதுசா வரைவு போடுறோம்னு சொல்லிட்டாங்க. இந்த மாதிரி வரைவு வரும்போது மெயில் அட்ரஸும் கடைசி தேதியும் அமைச்சக வெப்சைட்ல போடுவாங்க, அதுக்கு தமிழ்லயே நாலு வரி அனுப்பலாம். லேபிள் வேணும், வெட்டு வேணாம்னா அத அப்படியே எழுதுங்க.

அதுக்கு முன்னாடி உங்க ஊர்ல ஒண்ணு செஞ்சு பாக்கலாம். ஒரு வெள்ளத்தாள்ல கலெக்டர் ஆபீஸ் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூவா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ரெண்டே ரெண்டு கேள்வி: நம்ம மாவட்டத்துல கேபிள் டிவி கண்காணிப்புக் குழு இருக்கா, உறுப்பினர் பேர் என்ன, கடைசியா எந்த தேதில கூடுச்சு, இத ஒரு கேள்வியா வச்சுக்கோங்க, போன மூணு வருஷத்துல எத்தன புகார் வந்து என்ன நடவடிக்கை எடுத்தாங்க, இது ரெண்டாவது. ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பிட்டு ரசீத பத்திரமா வைங்க, 30 நாள்ல பதில் வந்தாகணும். என்னோடது போயி இன்னைக்கு பத்தொம்போதாவது நாள்.